மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு

தையல் மெஷினுக்கென்று நான் வாங்கி வைத்த எண்ணெயில் பாதிகூட என் மெஷினுக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டு ரயிலுக்குத்தான் போனது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், அந்த வீட்டுக்காரர் கையில் ஒரு இங்க் பில்லரோடு வாசலில் வந்து நிற்பார்.

"தங்கச்சி, மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு இருக்குமா?"

ரெண்டு சொட்டா எடுப்பார் மனுஷன்? பில்லரின் கழுத்து வரைக்கும் உறிஞ்சிக்கொண்டு போவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏனுங்கண்ணா, தேங்காய் எண்ணெய் போட்டா உங்க ரயிலு ஓடாதுங்களா?"

நான் நெய்க்காரப்பட்டிக்காரி. திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகும் வாயிலிருந்து அந்த 'ங்க' போகவில்லை. எங்கள் லைன்வீடுகளில் எல்லாருக்கும் அது ஒரு கேலி. அவர் மட்டும் கேலி பண்ண மாட்டார். கேட்ட கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்வார்.

"மார்கழிப் பனிக்குத் தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போயிரும் தங்கச்சி. தூசி ஒட்டும். சக்கரம் அழும்."

சக்கரம் அழுமாம். புட்டியை எடுத்து நீட்டினேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க். ரயில்வே லைன்வீட்டில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அவருக்கு வேலை, கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது. நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டி, சத்தத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்வார். கெட்ட பெட்டிக்குச் சீட்டு ஒட்டி ஒதுக்குவார். அதைச் சீக்குப் பெட்டி என்பார்கள். அதனால் அவருக்குப் பெட்டி டாக்டர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவி கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த அக்காகூட "உங்க டாக்டர் எங்க போயிட்டாரு?" என்றுதான் எங்களிடம் கேட்பார்.

வீட்டிலும் அந்தத் தட்டுகிற பழக்கம் அவரை விடவில்லை. பேசிக்கொண்டே பக்கத்தில் இருப்பதைச் சுண்டு விரலால் தட்டுவார். தேங்காய், தூண், என் பித்தளைக் குடம் எதுவும் தப்பாது. ஒருமுறை எங்கள் மண்பானையைத் தட்டிவிட்டு, "இதுல கீறல் விழுந்திருச்சு தங்கச்சி, அடுப்புல வைக்காதீங்க" என்றார். ஆடி மாதம் வாங்கிய புதுப்பானை. எனக்கு வந்ததே கோபம்! வேண்டுமென்றே குழம்பு வைத்தேன். கொதிக்கிற நேரத்தில் அடி பிளந்து அடுப்பே அணைந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மோரும் ஊறுகாயும்தான் வெஞ்சனம்.

அவருடைய ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் பவுடர் தகரத்தை வெட்டிச் செய்தது. ஒரு இன்ஜின், அதன் பின்னால் வரிசையாகச் சரக்குப் பெட்டிகள், கடைசியில் கார்டு வண்டி. பூட்டுப் பட்டறைகளில் மிஞ்சுகிற பித்தளைத் துண்டு, ரிவெட், சின்னச் சின்ன ஸ்பிரிங் எல்லாம் கேட்டு வாங்கி வருவார். இந்த ஊரில் அவற்றுக்கா பஞ்சம்? ஓட்டை அலாரம் கடிகாரத்தின் வயிற்றைக் கிழித்து இன்ஜினுக்குள் வைத்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடும்.

இதெல்லாம் கெட்டிக்காரர் யாரும் செய்வார்கள். அவர் செய்ததில் விசேஷம் வேறே. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் நம்மூர் யார்டுக்கு அடிக்கடி வந்து போகிற நிஜப் பெட்டி. நம்பர் உட்பட. நிஜப் பெட்டியில் மூட்டை இடித்துத் தகரம் நசுங்கினால், அந்தச் சனிக்கிழமை தகரப் பெட்டியிலும் அதே இடம் நசுங்கும். அங்கே ஒரு பலகை மாற்றினால், இங்கேயும் சாயம் பூசாத குச்சி ஒன்று புதுசாக ஏறும். துருவுக்கு என்ன செய்வார் என்கிறீர்கள்? யார்டிலிருந்து நிஜத் துருவையே சுரண்டி வந்து, வார்னிஷில் குழைத்துப் பூசுவார். இன்ஜினின் புகைபோக்கிக்கு விளக்குக் கண்ணாடிக் கரி. நம்மூர் உப்புத்தண்ணீர் கொதித்து வழிந்து இன்ஜின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுமே, அதற்குச் சுண்ணாம்பை மயிலிறகால் தொட்டு இழுப்பார்.

அழகாக இருக்கட்டுமே என்று யாரோ ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கவில்லை.

"இருக்கறதத்தான் செய்யணும். இல்லாதத செஞ்சா அது பொம்மை," என்றார்.

"எனக்கு ஒரு சேலை எடுத்துத் தரத் தெரியாது. பெட்டிக்குத் துரு எடுத்துட்டு வரத் தெரியும்," என்று டீச்சரக்கா என்னிடம் முறையிடுவார். குரலில் பெருமையும் இருக்கும். நான் கவனிக்காமலா இருப்பேன்?

அவர்கள் கிறிஸ்தவர்கள். மார்கழியில் அவர்கள் வீட்டில் குடில் வைப்பார்கள். சாக்கை நனைத்துச் சுருட்டி மலை, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரை, மண்ணில் செய்த மாடு, ஒட்டகம், நடுவில் குழந்தை சேசு. அந்த மலையைச் சுற்றி ரயில் ஓடும். லைனில் எங்களைப் போன்ற சாமி கும்பிடுகிறவர்கள், டவுனிலிருந்து பாய்மார்கள், அகரத்துப் பக்கம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவருகிறவர்கள் என்று அம்புட்டுப் பேரும் பார்க்க வருவார்கள். ஒரு வருஷம் பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, "பெத்லகேமுக்கு எந்தக் காலத்துலய்யா கூட்ஸ் வண்டி போச்சு?" என்று கேட்டார்.

"போகல சாமி. ஆனா இந்தப் பெட்டிகளுக்கும் வருஷத்துல ஒரு நாள் நல்ல எடத்துல நிக்கணும்னு இருக்காதா?" என்றார் டாக்டர். சாமியார் சிரித்துக்கொண்டே சிலுவை போட்டு ரயிலையும் மந்திரித்துவிட்டுப் போனார்.

குடிலுக்கு முன்னால் எப்போதும் பெரிய குரலில் பேசிக்கொண்டு நிற்கிறவன் சின்னப்பன். லைனின் கடைசி வீடு. பெட்டிகளைக் கோப்பதும் கழற்றுவதும் அவன் வேலை. கழற்றிவிட்ட பெட்டி தானாக உருளாமல் இருக்க, அதன் பக்கவாட்டில் இருக்கிற லிவரைக் கீழே அமுக்கிப் பிரேக் போட வேண்டும். அமுக்கிவிட்டு, "படுத்திருச்சு!" என்று அவன் கத்துவது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். லிவர் படுத்துவிட்டதாம். அவன் பெண்சாதி ரோசம்மா தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். அவளும் யார்டுப் பெட்டிகள் எல்லாவற்றையும் அறிந்தவள்தான்.

ஒரு ஐப்பசி அடைமழையில் சின்னப்பன் செத்துப்போனான்.

ஊருக்கு வெளியே ஒரு பஞ்சாலைக்குப் போகிற தனிப் பாதை. கொஞ்சம் சரிவு. பெட்டியை நிறுத்திவிட்டு, சின்னப்பன் அடுத்த பெட்டியின் கொக்கியைப் பார்க்கக் குனிந்திருக்கிறான். நின்ற பெட்டி உருண்டு வந்து அவனை நசுக்கிவிட்டது. அவனை வெளியே எடுக்கிற பதற்றத்தில் ஆட்கள் லிவரைத் தூக்கிவிட்டுப் பெட்டியைத் தள்ளியிருக்கிறார்கள். லிவர் அதற்கு முன்னால் படுத்திருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் அவன் 'படுத்திருச்சு' என்று கத்தியதும் யார் காதிலும் விழவில்லை. பெட்டியைச் சோதிக்க டாக்டரைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

விசாரணையில் அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். "பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல." அவ்வளவுதான் சொன்னாராம். அப்படியென்றால் என்ன முடிவு வரும்? சின்னப்பன் லிவரைப் போடாமலே உள்ளே போனான், அஜாக்கிரதை, செத்தது அவன் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். புருஷன் வேலையில் செத்தால் பெண்சாதிக்கு ஸ்டேஷனில் தண்ணீர் ஊற்றுகிற வேலையாவது கொடுப்பது வழக்கம். சொந்தக் குற்றத்தில் செத்தவனுக்கு அது கிடையாதாம். பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"அவரு ஒரு நாளும் போடாம போனதில்லக்கா. தூக்கத்துல கூட 'படுத்திருச்சு'ம்பாரு," என்று ரோசம்மா என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் எண்ணெய்க்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு உறுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் அரம் ராவுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. குழம்புப் பொடி கேட்கிற சாக்கில் டீச்சரக்காவிடம் போனேன்.

"ஒரே ஒரு பெட்டியத்தான் செய்றாரு, மத்தத தொடுறதே இல்ல," என்றார் அக்கா. "லிவருகிட்ட ஒரு பின்னு வைக்கிறாரு. செத்த நேரம் பாக்குறாரு. பிச்சு எடுத்துடுறாரு. மறுநாளும் அதே. கேட்டா, 'இல்லாதத வைக்கிறேன், நிக்க மாட்டேங்குது'ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வருஷம் குடில் வைக்க மாட்டார் என்றுதான் நினைத்தோம். வைத்தார். கிறிஸ்துமஸ் சாயங்காலம் பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் ஓடவில்லை. மலைக்கு முன்னால் சும்மா நின்றிருந்தது.

ரோசம்மா வந்தாள். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் வழி விட்டார்கள். முழங்கால் போட்டுக் குழந்தை சேசுவைக் கும்பிட்டாள். எழுந்திருக்கும்போது கண் ரயிலின் மேல் விழுந்தது. அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணே, இது அவரு மேல ஏறுன பெட்டிதானே?"

"ஆமாம்மா."

"லிவரு படுத்திருக்கே."

டீச்சரக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லாதத நீங்க செய்ய மாட்டீகளே அண்ணே. ஊருக்கே தெரியுமே அது."

"சின்னப்பன் போட்டுத்தான் இருந்தான்," என்றார் டாக்டர். எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல்.

"இது என்ன கம்பி?"

நானும் எட்டிப் பார்த்தேன். லிவருக்கும் பிரேக் தண்டுக்கும் நடுவே பின் இருக்க வேண்டிய இடத்தில், மயிர் மாதிரி ஒரு கம்பி இழையைச் சுற்றி முறுக்கியிருந்தது. முறுக்கு பாதியில் அறுந்து நின்றது.

"நான் கட்டுனது," என்றார். "அன்னைக்குப் பின்னு இருப்பு இல்ல. பஞ்சு ஏத்தணும், பெட்டியை விடு விடுன்னாங்க. சீட்டு ஒட்டி ஒதுக்கியிருக்கணும். ஒரு நடைக்குத் தாங்கும்னு சிக்னல் கம்பியை வச்சுக் கட்டிவிட்டேன். எப்பவும் செய்யறதுதான். லிவரை அமுக்குனாத்தாம்மா கம்பிக்கு இழுவை வரும். அமுக்காம இருந்தா அது அறுந்திருக்காது. நான் போய்ப் பாக்கும்போது அறுந்து தொங்குச்சு. எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, அதுக்குள்ள இருப்புக்கு வந்திருந்த பின்னை மாட்டிட்டேன்."

"நீங்களா?"

"நாந்தாம்மா."

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்தக் குடிலையே தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கை பரபரத்தது. புதுப்பானையில் கீறல் இருக்கிறதென்று என் வீடு தேடி வந்து சொன்ன வாய்தானே அது! ரோசம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"இத அன்னைக்கு வாயால சொல்லிருக்கலாமே அண்ணே," என்றாள்.

பெட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். முன்னும் பின்னும் கோத்திருந்ததால் மொத்த ரயிலும் கூடவே வந்து ஒட்டகத்தைச் சாய்த்தது. டாக்டர் தரையில் மண்டியிட்டார். முன் கொக்கியையும் பின் கொக்கியையும் கழற்றி, அந்தப் பெட்டியை அவள் கையில் வைத்தார். அவள் முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசுக்கு ரோசம்மா அந்தப் பெட்டியைக் கொண்டுபோனாள். "பொம்மையைக் கொண்டுவந்து காட்டினா ஆச்சா?" என்று அங்கே இருந்த பெரிய ஆபீசர் எரிந்து விழுந்திருக்கிறார். அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தாராம். கைக்குட்டையைப் பிரித்து, அறுந்த சிக்னல் கம்பியை மேஜை மேல் வைத்தாராம். "அதுல இருக்கற இழையும் இதுலேருந்து பிரிச்சதுதாங்க," என்று சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தது இது.

சின்னப்பன் மேல் எழுதிய குற்றத்தை அடித்தார்கள். ரோசம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. வீடும் நிலைத்தது. டாக்டரை வேலையை விட்டு நீக்கினார்கள். டவுனில் ஒரு சந்தில் வாடகைக்குப் போனார்கள். பூட்டுப் பட்டறையில் சாவிக்குப் பல் ராவுகிற வேலையில் சேர்ந்தார். டீச்சரக்கா சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அவர்கள் வீட்டில் மறுபடி குடில் வைத்தார்கள். ரயில் வைக்கவில்லை.

ரோசம்மா அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சின்னப்பன் படத்துக்குக் கீழே பலகையில் வைத்திருந்தாள். ஒரு மார்கழியில் அவள் வீட்டுப் பக்கம் போனால், வாசல் படியில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். முடியெல்லாம் நரைத்திருந்தது. மடியில் துணி விரித்து, அதன் மேல் அந்தப் பெட்டி. தூசி தட்டி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, பூத்திருந்த துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா தங்கச்சி?" என்றார். விரல் எதையும் தட்டவில்லை. ரோசம்மா உள்ளே வேலையாக இருந்தாள். முடித்துப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"வருஷா வருஷம் வாராரு," என்றாள் ரோசம்மா. "நான் கூப்புடல. தானாத்தான் வாராரு."

"ஒரு வாய் தண்ணி கொடுக்கக் கூடாதாடி? வயசான மனுஷன்."

"ஸ்டேஷன்ல ஊருக்கே ஊத்துறேங்க்கா. அவருக்கு ஊத்த கை வரல." படியிலிருந்த பெட்டியை எடுத்துப் பலகையில் வைத்தாள். "போன வருஷம், பின்னு ஒண்ணு மாட்டித் தரவாம்மான்னு கேட்டாரு. வேணாம், அது அப்படியேதான் இருக்கணும்னுட்டேன்."

அவள் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தாலும் அந்த மனுஷன் குனிந்து தெருவில் நடந்து போனதை நினைத்து, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் அவரை நினைத்தால் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தேதான் வருகிறது.

அறுபதுகள் முடிகிற சமயம், மழைக்காலத்தில் சளி கட்டிப் படுத்த டாக்டர் எழுந்திருக்கவில்லை. கல்லறைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ரோசம்மா வந்தாளா என்று தேடினேன். கண்ணில் படவில்லை.

மார்கழி பிறந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையா என்றெல்லாம் ஞாபகம் இல்லை. வாசலில் நிழல் தட்டியது. ரோசம்மா நின்றாள். முந்தானையில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். இன்னொரு கையில் இங்க் பில்லர்.

"அக்கா," என்றாள். பில்லரை நீட்டினாள்.

"மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு இருக்குமாக்கா?"